பிரான்சிஸ் அணைக்காத மைக்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் பிரம்மதேசம் சுற்று வட்டாரத்தில், யார் வீட்டில் விசேஷம் வைத்தாலும் முதல் போன் பிரான்சிசுக்குத்தான் போகும். சமையல்காரருக்கே அப்புறம்தான். சாம்பாரில் உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டுச் சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்கவில்லை என்றால், விசேஷமே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

பிரான்சிசுக்கு ஐம்பது வயது. அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். பிரான்சிஸ் பதினைந்து வயதில் மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபையர், பிறகு நான்கு பாக்ஸ், பிறகு ஒரு குட்டியானை வண்டி என்று தலையெடுத்தார். வண்டியின் நெற்றியில் ‘அன்னை சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். எந்த அன்னை என்று யாரும் கேட்டதில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போனால் அது மாரியம்மன், செப்டம்பரில் சர்ச் திருவிழாவுக்குப் போனால் அது மாதா. அவரும் விளக்கம் சொன்னதில்லை.

எந்தக் கோயிலானாலும் ஆம்ப்ளிஃபையரைப் போடும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். பூசாரி திருநீறு கொடுத்தால் வாங்கி ஆம்ப்ளிஃபையர் நெற்றியில் பட்டையாக இழுத்துவிடுவார். “இன்னிக்கி பூரா உழைக்கப் போறது இதானே சாமி” என்பார். பூசாரி சிரிப்பார். முப்பது வருடமாக இதில் ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த ஆம்ப்ளிஃபையரில் விசித்திரமான ஒன்று உண்டு. மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இடத்தில் குமிழ் இருக்காது. பிடுங்கி எறிந்த இடத்தில் மொட்டையாக ஒரு இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் குறடு வைத்துத் திருகி அளவு வைத்தால், அதோடு சரி. பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை அதில் கைபடாது. அந்தக் குமிழைப் பிடுங்கியது பிரான்சிஸேதான். ஏன் பிடுங்கினார் என்பதுதான் இந்த மனிதரின் கதை.

பிரம்மதேசத்தைத் தாண்டி ஒரு ஊர். அந்த ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு ஓடை, ஓடையின் மேல் ஒரு தரைப்பாலம். நல்ல மழை பெய்தால் பாலம் எங்கே என்று தேட வேண்டும். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி இருபத்தாறில் அங்கே கிராம சபை. செட் பிரான்சிசுடையது. கூட்டத்தில் வெள்ளையம்மாள் என்கிற பெண் எழுந்து மைக்கை வாங்கினார். ஒரு காணியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுப் பிழைக்கிற குடும்பம். புருஷன் இல்லை, வேணி என்று ஒரே மகள். பாலத்தை உயர்த்திக் கட்டுங்கள், மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்று வெள்ளையம்மாள் கும்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே போனவர், போன தடவை பாலத்துக்கென்று வந்த பணம் எங்கே என்றும் கேட்டுவிட்டார்.

ஊராட்சித் தலைவர் சீனுவாசன், மேசைக்கு அடியில் விரலைச் சுழற்றிக் காட்டினார். பிரான்சிசுக்குப் புரிந்தது. அடுத்த மாதம் தலைவர் வீட்டுக் கல்யாணம், செட் இவருடையதுதான். குமிழைத் திருகினார். வெள்ளையம்மாளின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் சிரித்தது. அந்தம்மா மைக்கைப் பார்த்தார், மரத்தில் கட்டியிருந்த குழாயைப் பார்த்தார், பிறகு பிரான்சிஸைப் பார்த்தார். மைக்கை மேசையில் நோகாமல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூட பிரான்சிஸ் மறந்திருப்பார்.

அதற்கப்புறம் ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் ஏரி உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரோடு பாம்பும் வந்தது. காலை எட்டு மணிக்கு, பரண்மேல் ஏறி உட்கார்ந்திருந்த வேணியைக் கட்டுவிரியன் கடித்தது. இருபது வயதுப் பெண். நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தார்கள். பாலத்தின்மேல் ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இந்தப்பக்கம் சாலையில் பிரான்சிஸ் தன் குட்டியானையை இஞ்சின் அணைக்காமல் நிறுத்திவைத்திருந்தார். போன் வந்ததும் ஓடி வந்தவர் அவர்தான். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேரத்தில் போய்விடலாம். கயிறு வீசினார்கள், நிற்கவில்லை. இரண்டரை மணி நேரம் அந்தக் கரையில் கட்டில், இந்தக் கரையில் வண்டி. பிறகு அந்தக் கரையிலிருந்து வெள்ளையம்மாளின் குரல் கேட்டது. அத்தனை தண்ணீர் இரைச்சலையும் தாண்டி, மைக் இல்லாமல், இந்தப்பக்கம் நின்ற எல்லோருக்கும் கேட்டது. பிரான்சிஸ் இஞ்சினை அணைத்தார். வீட்டுக்கு வந்து, குறடால் அந்தக் குமிழைப் பிடுங்கி எறிந்தார். மனைவி ஆரோக்கியசெல்வி ஏன் என்று கேட்டதற்கு, “அது இருந்தா கை போவும்” என்று மட்டும் சொன்னார்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. அதனால் அடுத்த ஆடிக்கு வெள்ளையம்மாள் கோயில் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த ஆடியில் வந்தார். அந்த ஊர் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது மைக்கில் வர்ணிப்புப் பாடுவது எப்போதும் அவர்தான். அந்தக் குரல் அப்படி. அம்மனின் நெற்றியிலிருந்து கால் கொலுசுவரை வர்ணித்துப் பாடினால், பம்பைக்காரர்களே அடிப்பதை மறந்து கேட்பார்கள். இந்த வருடமும் பெண்கள் அவரை இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். உச்சி வெயில். கேப்பைக் கூழ் அண்டா அண்டாவாக இருந்தது.

இரண்டு வரி பாடினார். ‘ஐந்து தலை நாகம் அம்மாவுக்குக் குடையாக’ என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். எல்லோரும் அழப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் அழவில்லை. கருவறையைப் பார்த்து, கூப்பிட்டுப் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

“ஏண்டி, நல்லா குந்திக்கினு இருக்கியா? உன் மேடை நனையலியே? மஞ்சத்துணி நனையலியே? தலைக்கு மேல அஞ்சு தலை பாம்ப வச்சிக்கினு இருக்கியே, அதுல ஒண்ண அடக்கத் தெரியல? வெயிலுக்குக் கொடை புடிக்க மட்டும் பாம்பு வேணும். என் புள்ளைய கடிக்கும்போது உனுக்குக் கண்ணு எங்கடி போச்சி?”

அம்மனைத் திட்டுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் சன்னதியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அதே வாயால் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு போகிற பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அது அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் நடப்பது. இது குழாயில் போனது. நான்கு குழாய், நாலு திசை. ஏரிக்கரை தாண்டி மூன்று ஊருக்குக் கேட்டது. களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்களாம்.

“பெத்திருந்தா தெரியும்டி உனுக்கு. பெக்காதவ நீ” என்றார் வெள்ளையம்மாள். அதற்கடுத்து ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளையில்லாத பெண்ணைச் சொல்லக்கூடாத சொல். சாமியை எப்படிச் சொல்வது?

தர்மகர்த்தாவாக முன்வரிசையில் நின்றவரும் அதே சீனுவாசன்தான். அதே விரலைச் சுழற்றிக் காட்டினார். குமிழ் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மெயின் சுவிட்ச் இருந்தது. பிரான்சிஸின் கை அதன்மேல் போய் உட்கார்ந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அப்போதுதான் குழாயில் அது வந்தது.

“மனுசங்ககிட்ட சொன்னேன். பாலத்தத் தூக்கிக் கட்டுங்கன்னு கும்புட்டு சொன்னேன். என் வாயை மூடுனாங்க. நீயும் மூடுவியா? மூடு பாக்கலாம்.”

பிரான்சிஸ் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருடத்தில் எத்தனையோ தலைவர்கள், பாதிரிமார்கள், பாடகர்கள் அவருடைய மைக்கில் பேசியிருக்கிறார்கள். இப்படி ஒரு குரல் அந்தக் கம்பி வழியாகப் போனதில்லை. பதினான்கு நிமிடம் பேசினார் வெள்ளையம்மாள். அம்மனே கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று பிரான்சிசுக்குத் தோன்றியது. இதை அவர் சர்ச்சில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

கடைசியில் வெள்ளையம்மாள் குரல் இறங்கியது. “உன்னத் திட்ட வாய் குடுத்தவளும் நீதான். வேற யார்கிட்ட போவேன்? பசியா இருப்ப. வா, வந்து குடி.” மைக்கை நோகாமல் வைத்துவிட்டு, முதல் கரண்டிக் கூழை அவர்தான் ஊற்றினார். பெண்கள் எல்லாம் அழுதார்கள். பம்பை மறுபடி ஆரம்பித்தது. அன்றைக்கு யாருக்கும் மனம் புண்படவில்லை.

புண்பட்டது நான்கு நாள் கழித்து. யாரோ போனில் பிடித்த இருபத்தெட்டு செகண்ட் வீடியோ சுற்ற ஆரம்பித்தது. பெக்காதவ என்று ஆரம்பித்து, நான் எழுதாத அந்தச் சொல்லோடு முடிகிற இருபத்தெட்டு செகண்ட். ‘கிறிஸ்தவன் மைக்செட்டில் அம்மனை அசிங்கப்படுத்தும் பெண்’ என்று தலைப்பு. அந்த ஊர்க்காரன்தான் குமரேசன், ஒரகடத்தில் கம்பெனி வேலை, திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்தான். அவனை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் அம்மை போட்டு அவன் பிழைத்ததே அந்த அம்மன் வேப்பிலையால்தான் என்று நம்புகிறவன். வீடியோவுக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போட்டிருந்த சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது. ஏழெட்டுப் பேரோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தான். முதல் பெயர் பிரான்சிஸ். வேண்டுமென்றே ஒலிபரப்பினார், அந்தம்மாவைத் தூண்டிவிட்டார் என்று எழுதியிருந்தான்.

இரண்டே நாளில் ஆடி மாத ஆர்டர் எல்லாம் நின்றது. முப்பது வருடம் திருநீறு கொடுத்த பூசாரி போனை எடுக்கவில்லை. கொடுமை என்னவென்றால், சர்ச் திருவிழாக் கமிட்டியும் “இந்த வருசம் பேஜாரு வேணாம், வேற செட்டு பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டது. ஆரோக்கியசெல்வி அழுதார். “அந்தம்மா பேசுனதுக்கு நீ ஏன் ஜெயிலுக்குப் போவணும்? நான் ஆஃப் பண்ணத்தான் போனேன், முடியலன்னு சொல்லிடு.” மறுநாள் காலையில் பிரான்சிஸ் ஆம்ப்ளிஃபையரையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் நெடுஞ்செழியன் மொட்டைத் தண்டைத் தொட்டுப் பார்த்தார். “கொறைக்கறதுக்கு வழியே இல்லியேய்யா இதுல. அதனால முடியலன்னு எழுதிக்கலாமா?” நல்ல மனிதர், ஒரு வழி காட்டிக் கொடுத்தார். பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டு, “மெயின் சுவிட்ச் இருக்குது சார். கை வச்சேன். அமுக்கல” என்றார். நெடுஞ்செழியன் புகாரைக் கையில் எடுத்தார்.

புகாரில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மனைப் பற்றிப் பேசிய சொற்கள் வரவேண்டிய இடத்தில் குமரேசன் வெறும் புள்ளிகளாக வைத்திருந்தான்.

“இன்னா பேசுனாங்கன்னு எழுதாம எப்பிடிய்யா கேஸ் போடறது? சொல்லு, ரைட்டரம்மா எழுதுவாங்க.”

ஸ்டேஷன் ரைட்டர் காந்திமதி பேனாவோடு காத்திருந்தார். குமரேசன் வாயைத் திறந்தான், மூடினான். கண் கலங்கிவிட்டது. “எப்பிடி சார் என் வாயால சொல்றது? வீடியோவுல இருக்குதே, கேட்டு எழுதிக்கட்டும்.” காந்திமதி தன் மணிக்கட்டைக் காட்டினார். மஞ்சள் காப்பு. “எங்க ஊர்ல வெள்ளிக்கிழமை தீமிதிங்க. நீங்க சொல்லி நான் எழுதுனா அது உங்க பேச்சு. நானா கேட்டு எழுத மாட்டேன்.” கூட வந்தவர்களைப் பார்த்தார் நெடுஞ்செழியன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு ஸ்டேஷனில் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

“நீ சொல்லுய்யா” என்று பிரான்சிஸ் பக்கம் திரும்பினார். “உன் செட்டுல வந்ததுதானே. உன் சாமியும் இல்ல.”

பிரான்சிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “சொல்ல மாட்டேன் சார்.”

“ஏன்?”

“அந்தம்மா புள்ளைய குடுத்துட்டு சொன்ன பேச்சு சார் அது. அவங்க சொல்லலாம், அவங்க சொல்றப்ப நான் நிறுத்தக் கூடாது. அதுக்காவ நான் எடுத்துச் சொல்லிட முடியுமா? என் வாயில வந்தா அது வேற.”

குமரேசன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். சாமியைத் திட்டவைத்தான் என்று யார்மேல் புகார் கொடுத்தானோ, அந்த ஆளும் தன்னைப் போலவே அந்தச் சொல்லைச் சொல்ல மறுக்கிறார். அவனுக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

அப்போது வெள்ளையம்மாள் வந்தார். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி ஸ்டேஷனுக்குள் வந்தார். விஷயத்தைக் கேட்டார். “நான் பேசுனத ஏன் அவங்களக் கேக்கறீங்க? நானே சொல்றேன். எழுதிக்கம்மா.”

சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. அதில் அம்மன், தலைக்குமேல் ஐந்து தலை நாகம். வெள்ளையம்மாள் அதன்முன் போய் நின்றார். “ஏண்டி, நல்லா குந்திக்கினு இருக்கியா?” என்று ஆரம்பித்தார். மைக் கிடையாது. ஒரு சொல் விடவில்லை. பாம்பு, பாலம், கட்டில், இரண்டரை மணி நேரம் எல்லாம் வந்தது. அந்தச் சொல்லும் வந்தது. குமரேசன் காதைப் பொத்தவில்லை. பாதியில் காந்திமதி பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். காவலுக்கு நின்றவர் தொப்பியைக் கழற்றினார். பிரான்சிஸ் கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில் கேட்டதைவிட இது பெரிதாக இருந்தது என்கிறார் அவர், நான்கு குழாய் வைத்தாலும் இப்படிக் கேட்காதாம். “வா, வந்து குடி” என்று முடித்தார்.

நெடுஞ்செழியன் கேட்டார். “பாலத்த பத்தி சொன்னப்ப வாயை மூடுனாங்கன்னீங்களே, யாரும்மா அது?”

வெள்ளையம்மாள் காலண்டரைப் பார்த்தபடியே நின்றார். யார் பக்கமும் திரும்பவில்லை. அவருக்கு ஞாபகம் இல்லாமலா இருக்கும்?

“நான்தான் சார்” என்றார் பிரான்சிஸ். “கெராம சபையில. தலைவரு வெரல சுத்துனாரு, நான் கொமிழ சுத்துனேன். அன்னிக்கி அவங்க பேச்ச நாலு பேரு கேட்டிருந்தா பாலம் வந்திருக்கும். பாலம் இருந்திருந்தா என் வண்டி அந்தாண்ட போயிருக்கும். அந்தப் புள்ளைய நான் கொண்ணேன் சார். அதை எழுதிக்குங்க.”

காந்திமதி பேனாவை எடுத்தார். “சார், இத எந்த செக்ஷன்ல எழுதறது?”

நெடுஞ்செழியன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அதுக்கு செக்ஷன் இல்லம்மா” என்றார்.

குமரேசன் புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டான். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. “நான் இருவத்தெட்டு செகண்டுதான் சார் கேட்டிருந்தேன். பெரீம்மா திட்டலாம், எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா தெரியாதவனெல்லாம் அதப் பாத்து சிரிக்கிறானே, அதுக்கு யார்மேல கேஸ் போடறது?” என்று கேட்டான்.

வெளியே வந்து, வெள்ளையம்மாளின் செருப்பு கிடந்த இடத்தில் பிரான்சிஸ் நின்றுகொண்டிருந்தார். அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, “வர்ற ஆகஸ்ட் பதினஞ்சுக்கு உன் செட்டுதானே?” என்றார்.

“கூப்புடல யக்கா.”

“கூப்புடாட்டி இன்னா, வா.”

போனார். கூப்பிடாமல் போய், கூலி பேசாமல், ஊராட்சி அலுவலகத்து முன்னால் இருந்த புங்கமரத்தில் ஐம்பது வயதில் அவரே ஏறிக் குழாயைக் கட்டினார். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கிராம சபைக் கூட்டம் ஆரம்பித்தது. சீனுவாசன் மேசைக்குப் பின்னால் இருந்தார். கைகள் இரண்டும் மேசைமேல் இருந்தன. குமரேசன் லீவு போட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஓடைமேல் அதே தரைப்பாலம்தான் கிடந்தது.

வெள்ளையம்மாள் எழுந்து மைக்கை வாங்கினார். பேசவில்லை. கூட்டத்தைத் தாண்டி, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்ற பிரான்சிஸை நேராகப் பார்த்தார்.

“கேக்குதா பிரான்சிசு?”

அவர் புங்கமரத்துக் குழாயை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பெருமுக்கல் மலை வரைக்கும் கேக்குது யக்கா. பேசுங்க.”